இனாசு மாடியில் மழை

அந்த ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் எதிர்வீட்டு கேட்டுக்குப் பைத்தியம் பிடித்தது.

தண்டவாளத்தில் ஓடுகிற பெரிய இரும்பு கேட் அது. தானாகத் திறந்தது. பாதி தூரம் போனதும் நின்றது. என்னவோ மறந்துவிட்டாற்போலத் திரும்பி வந்து மூடிக்கொண்டது. மூடிய கையோடு மறுபடி திறந்தது. மீன் கொண்டு வருகிற ஷாஜி தன் ஸ்கூட்டரின் முன்சக்கரத்தை உள்ளே விடுவதும் பின்னால் இழுப்பதுமாகக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு வண்டியை நிறுத்திவிட்டுக் கத்தினான்.

"ரோசிலி சேச்சியே! மத்தி வேணுமா வேண்டாமான்னு உங்க கேட்டை ஒரு முடிவுக்கு வரச் சொல்லுங்க!"

சாலையில் போனவர்களெல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நானும் காப்பிக் கோப்பையோடு வாசலுக்கு வந்துவிட்டேன். சாலக்குடிப் பக்கத்தில் இருக்கிற எங்கள் பரியாரத்தில் இப்படி ஒரு காட்சி தினமும் கிடைக்காது.

அந்த கேட்டுக்குள்ளே இரண்டு வீடுகள். இடது பக்கம் ரோசிலியின் கணவர் இனாசு, கூட்டுறவு வங்கியில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வலது பக்கம் அவர் தம்பி டேவிஸ், மஸ்கட்டில் கிரேன் ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர். அப்பா விட்டுப்போன நிலத்தை இருவரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். கேட்டை மட்டும் பங்கு போட முடியவில்லை.

இரண்டு வருடமாக அவர்களுக்குள் பேச்சு இல்லை. காரணம் ஒரு மஞ்சள் பெயிண்ட். இனாசு மூன்று மாதம் சாலக்குடிக் கடைகளிலெல்லாம் ஏறி இறங்கி, எலுமிச்சையும் இல்லாமல் மாம்பழமும் இல்லாமல் நடுவிலே ஒரு மஞ்சளைக் கண்டுபிடித்துத் தன் வீட்டுக்கு அடித்தார். ஊரே வந்து பார்த்துவிட்டு நன்றாயிருக்கிறது என்றது. அடுத்த வாரம் டேவிஸ் தன் வீட்டுக்கும் அதே மஞ்சளை அடித்துவிட்டார். "என்னைக் கேலி பண்றான்" என்றார் இனாசு. டேவிஸ் பதில் சொல்லவில்லை. சொல்லாததே பெரிய குற்றமாகிவிட்டது. எங்கள் சர்ச்சின் பாதிரியார், விகாரி அச்சன், வந்து இரண்டு வீட்டிலும் சாயா குடித்துப் பேசிப் பார்த்தார். வயிறு நிறைந்ததுதான் மிச்சம்.

பிறகு கேமரா வந்தது. நியூசிலாந்தில் இருக்கிற இனாசுவின் மகன், அப்பா அம்மா தனியாக இருக்கிறார்களே என்று எர்ணாகுளத்திலிருந்து ஆளை அனுப்பி, கேமராவும் கேட்டுக்கு மோட்டாரும் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு கன்ட்ரோல் பெட்டியும் பொருத்தினான். அண்ணன் வீட்டில் கேமரா ஏறியதைப் பார்த்துக்கொண்டு தம்பி சும்மா இருப்பாரா? டேவிஸும் ஒரு பெட்டியை வரவழைத்தார். கேட்டில் தனக்கும் பங்கு உண்டே என்று, பைத்தியம் பிடிப்பதற்கு முந்தின நாள்தான் அதே மோட்டாரில் தன் பெட்டியின் கம்பியையும் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

இனாசுவின் பெட்டிக்கு ஒரு கட்டளை இருந்தது. கேட் திறந்திருந்து ஆள் யாரும் இல்லையென்றால் மூட வேண்டும். டேவிஸின் பெட்டிக்கும் ஒரு கட்டளை இருந்தது. கேட்டருகே ஏதாவது அசைந்தால் திறக்க வேண்டும். அன்று காலை மூடுகிற கேட்டின் அசைவையே டேவிஸின் கேமரா விருந்தாளி என்று எடுத்துக்கொண்டது. அங்கே தொடங்கியது கூத்து.

இதையெல்லாம் கண்டுபிடித்துச் சொன்னவள் லின்சி. சாலக்குடியில் கேமராவும் சென்சாரும் பொருத்துகிற கடை வைத்திருக்கிறாள். பெங்களூரில் ஐந்து வருடம் இதே வேலை பார்த்தவள். வாய் ஓயாது, கையும் ஓயாது. அண்ணனும் தம்பியும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் அவளையே கூப்பிட்டிருந்தார்கள். அவள் ஸ்கூட்டரை முற்றத்தின் நடுவில் நிறுத்தியபோது இரண்டு வராந்தாவிலிருந்தும் "இங்க, இங்க" என்று கை அசைந்தது.

லின்சி எந்தப் பக்கமும் போகவில்லை. மோட்டாருக்குப் போகிற மின்சாரத்தை நிறுத்தி கேட்டை ஒரு வழியாக ஓயவைத்தாள். கம்பிகளைப் பார்த்துவிட்டு முற்றத்தின் நடுவிலேயே நின்று சத்தமாகச் சொன்னாள்.

"ஒரு பெட்டி மூடுங்குது, இன்னொரு பெட்டி திறங்குது. கேட் பாவம், ரெண்டு மாமியாருக்கு நடுவுல மாட்டின மருமக மாதிரி ஆயிருச்சு. இன்னும் ஒரு மணி நேரம் விட்டிருந்தா மோட்டார் புகைஞ்சிருக்கும்."

"அப்ப அந்தப் பெட்டியைக் கழட்டிடு மோளே," என்றார் இனாசு.

டேவிஸ் தன் மனைவி ஜெஸியைப் பார்த்துப் பேசினார், முற்றம் முழுக்கக் கேட்கிற குரலில். "ஜெஸி, கழட்டறதா இருந்தா பழைய பெட்டியைத்தான் கழட்டணும்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு."

"அவங்க காதுல விழுந்துருச்சு," என்றாள் ஜெஸி. "பத்து வீட்டுக்கும் விழுந்துருச்சு."

"ரெண்டு வழிதான் இருக்கு," என்றாள் லின்சி. "மதிலை இடிச்சு இன்னொரு கேட் வைக்கலாம். இல்லன்னா ரெண்டு பெட்டியையும் எடுத்துட்டு, ரெண்டு வீட்டுக்கும் பொதுவா ஒரே பெட்டி வைக்கலாம். கேமரா, சென்சார், கேட் எல்லாம் அது ஒண்ணோட பேச்சைக் கேக்கும்."

மதிலின் ஒரு பக்கம் மின்கம்பம், மறு பக்கம் ஓடை. இன்னொரு கேட்டுக்கு இடமே இல்லை. இருவருக்கும் அது தெரியும். கடைசியில் இனாசு தொண்டையைக் கனைத்தார்.

"ஒரே பெட்டின்னா ஒரே பெட்டி. ஆனா என் கேமராவை அவன் பாக்கக் கூடாது."

"ஜெஸி, அவரு கேமராவைப் பாக்க எனக்கு என்ன தலையெழுத்தான்னு கேளு. நம்ம கேமராவையும் அவரு பாக்கக் கூடாது."

"யாரும் யாரையும் பாக்க மாட்டீங்க. என் பொறுப்பு," என்று லின்சி வாக்குக் கொடுத்தாள்.

வேலை அந்த வாரம் முழுக்க நடந்தது. மழை ஒரு பக்கம், அடிக்கடி போகிற கரன்ட் ஒரு பக்கம். பழைய கேமராக்களையெல்லாம் புதிய பெட்டியோடு இணைத்தாள். கேட் யாருக்குத் திறக்கும், எப்போது மூடும் என்று ஒரே ஒரு விதி போட்டாள். கதவு ஜன்னல்களுக்குச் சென்சார் வைத்தாள், சமையலறைகளில் புகை பார்க்கிற சென்சார். டேவிஸ் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கும் ஒன்று வேண்டியிருந்தது. மோட்டாரைப் போட்டுவிட்டுச் சீட்டாடப் போய்விடுகிற மனிதர் அவர். தொட்டி நிரம்பினால் போன் கூவும், போனிலிருந்தே மோட்டாரை நிறுத்தலாம் என்று ஏற்பாடு.

இனாசுவுக்கு வேண்டியது வேறு. பின்பக்கம் அவருக்கு ஜாதிக்காய்த் தோட்டம். எங்கள் பக்கத்தில் காய் பறிக்கிற காலமும் மழைக்காலமும் ஒன்றாகத்தான் வரும். காயின் மேலே சிவப்பாகச் சுற்றியிருக்கிற ஜாதிபத்திரியை உரித்து மொட்டைமாடியில் உலர்த்துவார். ஒரு மழை பட்டால் போதும், நிறம் செத்துவிடும்.

"மழை வந்தா தார்ப்பாய் தானா மூடணும். முடியுமா?" என்று கேட்டார்.

"முடியும் சேட்டா. மழைத்துளி பட்டா தெரியற சென்சார் இருக்கு. தார்ப்பாயை உருளையில சுத்தி வச்சு, மோட்டாரால இழுக்கலாம்."

உருளை, கம்பிச் சட்டம், சென்சார் எல்லாவற்றையும் இனாசு வங்கியின் ஓய்வூதியர் கூட்டத்துக்குப் போயிருந்த நாளில் லின்சி பொருத்தி முடித்தாள். மோட்டார் மட்டும் கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டியிருந்தது. "வர்ற வரைக்கும் இந்தக் கைப்பிடியைச் சுத்தினா தார்ப்பாய் இழுபடும்" என்று ரோசிலியிடம் சொல்லிவிட்டுப் போனாள். ரோசிலி இதைக் கணவரிடம் சொல்ல மறந்துவிட்டாள். மறந்தாளா, மறந்தது மாதிரி இருந்துவிட்டாளா என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

லின்சியும் ஒன்றை மறந்தாள். கடைசி நாள் சாயங்காலம் எல்லா சென்சாரும் வேலை செய்கிறதா என்று பார்க்க, எல்லா அறிவிப்பும் எல்லார் போனுக்கும் போகும்படி வைத்திருந்தாள். பார்த்து முடிந்ததும் வீடு வாரியாகப் பிரிக்க வேண்டும். அதற்குள் கரன்ட் போய்விட்டது, மழை கொட்டியது, வீட்டிலிருந்து இரண்டு தடவை போன் வந்துவிட்டது. கேமராக்களை முதலிலேயே பிரித்திருந்தாள். அறிவிப்புகள் அப்படியே நின்றுவிட்டன.

இரண்டு நாள் கழித்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு டேவிஸின் போன் கூவியது. எடுத்துப் பார்த்தார்.

'இனாசு மாடி: மழை.'

டேவிஸ் வானத்தைப் பார்த்தார். ஒன்றிரண்டு துளி விழுந்துகொண்டிருந்தது. எதிரே அண்ணன் வீட்டைப் பார்த்தார். அசைவில்லை. சோறு உண்டதும் இனாசு தூங்குவார், இடி விழுந்தாலும் எழமாட்டார் என்பது தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ரோசிலி சர்ச்சில் மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தாள்.

'எனக்கென்ன' என்று போனைக் கீழே வைத்தார். சிவப்புச் சிவப்பாக ஜாதிபத்திரி கண்முன்னே வந்தது. அப்பாவோடு அண்ணனும் தானும் உட்கார்ந்து உரித்த ஞாபகம் வேறு சேர்ந்துகொண்டது. மறு நிமிடம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முற்றத்தைத் தாண்டி ஓடினார். வெளிப்படிக்கட்டு வழியாக ஏறினார். கைப்பிடியைக் கண்டதும், கிரேன் ஓட்டிய கைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு, ஓசைப்படாமல் இறங்கி வந்துவிட்டார்.

"எங்க போய் இப்படி நனைஞ்சீங்க?" என்றாள் ஜெஸி.

"துணி எடுக்க."

"நம்ம துணி உள்ளதானே காயுது?"

"அதான், போய்ப் பாத்தேன். இல்ல."

ஜெஸி இனாசு வீட்டு மாடியை ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள்.

தூங்கி எழுந்த இனாசு முற்றம் முழுக்க நனைந்திருப்பதைக் கண்டு பதறி மாடிக்கு ஓடினார். தார்ப்பாய் ஒழுங்காக மூடியிருந்தது. சுற்றிலும் பார்த்தார். உருளை, சட்டம், பெட்டி. 'அடேயப்பா, மோட்டாரும் வைத்துவிட்டாளே' என்று நினைத்துக்கொண்டார். சந்தோஷத்தில் அன்று இரண்டு சாயா குடித்தார்.

அதே சாயங்காலம் அவருடைய போன் கூவியது.

'டேவிஸ் தொட்டி: நிரம்பியது.'

இனாசு ஜன்னல் வழியாகப் பார்த்தார். தம்பி வீட்டுச் சுவரில், அந்த மஞ்சளின் மேலே, தண்ணீர் பளபளவென்று வழிந்துகொண்டிருந்தது. டேவிஸ் சீட்டாட்டத்திலிருந்து இன்னும் வரவில்லை. தண்ணீர் வீணாவதைப் பார்த்தால் இனாசுவுக்குச் சோறு இறங்காது. அது யார் வீட்டுத் தண்ணீர் என்பது வேறு விஷயம். போனில் 'நிறுத்து' என்று ஒரு பொத்தான் தெரிந்தது. அறையில் யாராவது இருக்கிறார்களா என்று திருடன் மாதிரி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அழுத்தினார். எதிர்வீட்டு மோட்டாரின் உறுமல் நின்றது. அவருக்கே வெட்கமாக இருந்தது, கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

இப்படியே போயிற்று. மழை வந்தால் தம்பி ஓடினார். தொட்டி நிரம்பினால் அண்ணன் பொத்தானை அழுத்தினார். தன் போனுக்கு மட்டும்தான் மற்றவர் வீட்டுச் செய்தி தப்பித் தவறி வருகிறது என்று இருவருமே நினைத்தார்கள். லின்சியிடம் சொன்னால் சரிசெய்துவிடுவாள். அதனால் இருவருமே சொல்லவில்லை.

ஆனால் பாராட்டாமல் இருக்க முடியுமா? வெள்ளிக்கிழமை இனாசு லின்சியைக் கூப்பிட்டார்.

"மோளே, உன் கைக்குத் தங்கக் காப்பு போடணும். மழை விழுந்தா உன் மெஷின் ஒரு துளி உள்ள விடல்ல."

லின்சிக்கு ஒன்றும் புரியவில்லை. "எந்த மெஷின் சேட்டா?"

"மாடியிலதான். என்னமா இழுத்து மூடுது! ஓரத்துல கல்லு கூட வைக்குது!"

லின்சி போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி வைத்தாள். மோட்டாரே இன்னும் கோயம்புத்தூரிலிருந்து வந்து சேரவில்லை. அதற்குள் டேவிஸும் கூப்பிட்டார். "நம்ம தொட்டி நிரம்பினா மோட்டார் தானா நின்னுருது. நீ சொல்லவே இல்லையே இந்த வித்தையை!" அந்த வித்தையையும் அவள் வைத்திருக்கவில்லை. டேவிஸே தன் கையால்தான் நிறுத்துவேன் என்று பிடிவாதம் பிடித்திருந்தார்.

உடனே ஸ்கூட்டரை எடுத்தாள். இனாசு தோட்டத்தில் இருந்தார். ரோசிலி சமையலறையில் பழம்பொரி பொரித்துக்கொண்டிருந்தாள். பின்வாசல் படியில் ஜெஸி உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தாள். ஆண்கள் பேசாமலிருந்த இரண்டு வருடத்தில் இந்த இரண்டு பெண்களும் பேசாமலிருந்த நாள் ஒன்று கூடக் கிடையாது.

"சேச்சி, உங்க மாடிப்படி கேமராவில பழைய பதிவைக் கொஞ்சம் காட்டுங்க," என்றாள் லின்சி.

ரோசிலி கையைத் துடைத்துக்கொண்டு, எதிர்பார்த்துக் காத்திருந்தவள் மாதிரி, சட்டென்று போனில் எடுத்துக் காட்டினாள். கொட்டுகிற மழையில் டேவிஸ் வேட்டியை மடித்துக்கொண்டு படியேறுகிறார். அடுத்த நாளும் ஏறுகிறார். அதற்கடுத்த நாள் தலையில் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு ஏறுகிறார்.

"அந்த வாளி என்னுது," என்றாள் ஜெஸி. மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் ஒரு சட்டி பழம்பொரி கருகிவிட்டது.

லின்சிதான் முதலில் சிரிப்பை நிறுத்தினாள். "தப்பு என்னுது சேச்சி. அறிவிப்பைப் பிரிக்க மறந்துட்டேன். யாரும் யாரையும் பாக்க மாட்டீங்கன்னு வாக்குக் கொடுத்தவ நான். இப்பவே பிரிச்சிடறேன்."

"சும்மா இரு பெண்ணே," என்றாள் ரோசிலி. "அச்சன் வந்து ஆகாதது உன் மறதியால ஆகுது."

"அவங்களுக்குத் தெரியாம அவங்க வீட்டுச் செய்தி வெளிய போகுதே. நாளைக்கு வேற ஏதாவது வந்தா? ஜெஸி சேச்சி ராத்திரி எத்தனை தடவை கதவைத் திறக்கறாங்கன்னு எதிர்வீட்டுப் போனுக்குப் போறது சரியா?"

ஜெஸி யோசித்தாள். "சரியில்லதான். ஞாயித்துக்கிழமை வரைக்கும் விடு. அன்னிக்கு நீயே வந்து ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிட்டுப் பிரிச்சிடு."

லின்சி அரை மனதோடு சம்மதித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் குர்பானைப் பூசை முடிந்து எல்லாரும் வீடு திரும்பிய நேரம், பளீரென்று வெயில். ரோசிலியின் அண்ணன் பொறிஞ்சு கொடகரையிலிருந்து வந்திருந்தார். எதையும் நம்பாத மனிதர். மைத்துனர் வந்தால் இனாசுவுக்கு ஏதாவது பெருமை பேசியே ஆக வேண்டும்.

"என் மாடியில ஒரு மெஷின் இருக்கு அளியா. மழை வந்தா தானா ஓடிவந்து மூடும்."

"தானா? போங்க அளியா. கொடகரையில இடி விழுந்தாக்கூட யாரும் எழுந்து மூட மாட்டான். மெஷின் மூடுமாம்."

"வாங்க, காட்டறேன்."

லின்சி கேட்டுக்குள் நுழைந்தபோது இனாசு ஒரு கையில் தண்ணீர்ச் சொம்போடு மாடியேறிக்கொண்டிருந்தார், பின்னால் பொறிஞ்சு. அவளுக்கு நடக்கப்போவது புரிந்துவிட்டது. "சேட்டா, ஒரு நிமிஷம்!" என்று கத்திக்கொண்டே அவளும் படியேறினாள். பின்னாலேயே ரோசிலி, ஜெஸி. அந்த வயதில் ரோசிலி அத்தனை வேகமாகப் படியேறி நான் பார்த்ததில்லை. நான் எங்கள் மாடிக்கே போய்விட்டேன். அங்கிருந்துதான் எல்லாம் நன்றாகத் தெரியும்.

மாடியில் ஜாதிபத்திரி வெயிலில் சிவந்து கிடந்தது. "மூடறதைப் பாருங்க," என்று சொல்லிவிட்டு இனாசு சென்சாரின் மேல் தண்ணீரைத் தெளித்தார்.

எதுவும் நடக்கவில்லை. பொறிஞ்சு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். இனாசு இன்னும் கொஞ்சம் தெளித்தார். லின்சி கண்ணை மூடிக்கொண்டாள்.

கீழே ஒரு கதவு படாரென்று திறந்தது. முற்றத்தில் தடதடவென்று ஓட்டம். படிக்கட்டில் மூச்சிரைப்பு. கையில் பன்றிக்கறி கிளறுகிற கரண்டியோடு, தலையைக் குனிந்துகொண்டு டேவிஸ் ஏறி வந்தார். நிமிர்ந்து யாரையும் பார்க்கவில்லை. கரண்டியை வாயில் கவ்விக்கொண்டு கைப்பிடியைப் பிடித்து மளமளவென்று சுற்றினார். தார்ப்பாய் இழுபட்டு வந்தது. ஓரத்தில் கல்லை எடுத்து வைத்தார். இரண்டாவது கல்லுக்குக் கையை நீட்டியபோதுதான் அதன் பக்கத்தில் ஒரு ஜோடிச் செருப்பைக் கண்டார். மெல்ல நிமிர்ந்தார்.

அண்ணன். கையில் சொம்பு. தலைக்கு மேலே கொளுத்துகிற வெயில்.

பொறிஞ்சுதான் முதலில் வாயைத் திறந்தார். "மெஷின் நல்லாத்தான் இருக்கு அளியா. ஆனா ரொம்ப வேர்க்குதே!"

டேவிஸ் வாயிலிருந்து கரண்டியை எடுத்தார். "மழைன்னு வந்துச்சு," என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு.

"எங்க வந்துச்சு?"

"போன்ல. ஏதோ தப்பா வருது. நான் கேக்கல்ல, அதுவா வருது."

"இத்தனை நாளும் நீயா?"

டேவிஸ் கரண்டியை வேட்டியில் துடைத்தார். இனாசுவின் முகத்தில் என்ன வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை. கோபமா அழுகையா என்று நான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோதே அவர் சட்டைப் பையிலிருந்த போன் கூவியது. எடுத்துப் பார்த்தவர் ஒரேயடியாகக் கத்தினார்.

"டேய் டேவீசே, உன் அடுப்புல புகைடா!"

சொம்பைப் போட்டுவிட்டு அவரே முதலில் ஓடினார். அறுபது தாண்டிய மனிதர் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினார். டேவிஸ் பின்னால் ஓடினார். பாதிப் படியில் டேவிஸ் சட்டென்று நின்றார்.

"ஆமா, என் அடுப்பு புகையறது உனக்கு எப்படித் தெரியும்?"

"பேச்சு அப்புறம்! ஓடு!"

"அப்ப தொட்டி மோட்டாரை நிறுத்தினது..."

"நான்தான்டா! நீ சீட்டாடிட்டு வர்ற வரைக்கும் தண்ணி சாலையில ஓடட்டுமா?"

டேவிஸ் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கிவிட்டார். அடுப்பை அணைத்தது இனாசுதான். இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்குள் அவர் நுழைந்தது ஈரத்துணியும் கையுமாக, இருமிக்கொண்டு.

கறி அடியில்தான் பிடித்திருந்தது. மேலே இருந்ததை ஜெஸி வேறு சட்டிக்கு மாற்றினாள். அன்று மதியம் எல்லாரும் இனாசுவின் மேசையில் உட்கார்ந்தார்கள். எதிர்வீட்டுக்காரன் என்ற உரிமையில் என்னையும் கூப்பிட்டார்கள். கூப்பிடாவிட்டாலும் போயிருப்பேன். கொஞ்ச நேரம் எல்லாரும் கப்பைக்கிழங்கையும் கறியையும் மட்டும் கவனித்தார்கள். பிறகு இனாசு தட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஏண்டா அதே மஞ்சளை அடிச்ச?"

"ரெண்டும் ஒரே வீடு மாதிரி இருக்கட்டும்னு."

"சொல்லியிருக்கலாமே."

"நீ சந்தோஷப்படுவேன்னு நெனச்சேன். நீ வந்து என்னடா இது கேலியான்னு கத்தின. அப்புறம் எங்க சொல்றது?"

இனாசு சட்டியில் துழாவி, கொழுப்போடு இருந்த பெரிய துண்டாக எடுத்துத் தம்பியின் தட்டில் போட்டார். ரோசிலி எழுந்து தண்ணீர் எடுக்கிற சாக்கில் சமையலறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது அவள் மூக்கு சிவந்திருந்தது.

லின்சி தன் தட்டைத் தள்ளி வைத்தாள். "சேட்டன்மாரே, ஒண்ணு சொல்லணும். தப்பு பெட்டியோடது இல்ல, என்னுது. அறிவிப்பை வீடு வீடாப் பிரிக்க மறந்துட்டேன். மன்னிக்கணும். இப்பவே பிரிச்சிடறேன்."

"பிரிச்சிடு," என்றார் இனாசு.

"ஆமா, பிரிச்சிடு," என்றார் டேவிஸ்.

லின்சி போனை எடுத்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். "கதவு?"

"அவங்கவங்க வீட்டுக்கு."

"படுக்கையறை ஜன்னல்?"

"அது கண்டிப்பா அவங்கவங்களுக்கு," என்றாள் ஜெஸி அவசரமாக.

"மழை?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "மழையை அப்படியே விடு," என்றார் டேவிஸ். "இவரு தூங்கிட்டாருன்னா யாரு பாக்கறது?"

"தொட்டி?"

"அதையும் விடு. இவன் சீட்டுக் கட்டைக் கையில எடுத்தா உலகமே மறந்துரும்."

"புகை?"

"புகையை ஊருக்கே அனுப்பு," என்றார் பொறிஞ்சு.

அன்றோடு சண்டை ஒழிந்தது என்று நினைத்தால் அது தப்பு. இப்போது தினமும் சண்டைதான். இரண்டு வருடம் பேசாமல் சேர்த்து வைத்ததையெல்லாம் முற்றத்தில் நின்று பேசித் தீர்க்கிறார்கள். தார்ப்பாயை எந்தப் பக்கம் இழுப்பது, கேட் எத்தனை மணிக்குப் பூட்டிக்கொள்ள வேண்டும் என்று சத்தம் எங்கள் வீடு வரைக்கும் கேட்கிறது. வாரத்துக்கு ஒரு தடவை லின்சிக்குப் போன் போகிறது. அவளும் சலிக்காமல் வந்து, சாயா குடித்து, ஒரு விதியை மாற்றிவிட்டுப் போகிறாள். எங்கள் சாலையில் மட்டும் அதற்குள் ஆறு வீடுகள் அவளைக் கூப்பிட்டுவிட்டன. எங்கள் வீடும் அதில் ஒன்று.

போன வாரம் பொறிஞ்சுவே அவள் கடைக்குப் போனார். எதையும் நம்பாத மனிதர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் வீட்டுக்கும் அதே மாதிரி ஒன்று வேண்டும் என்றார்.

"எது மாதிரி சேட்டா?"

"மாடியில மழை வந்தா தானா மூடறது. ஆனா மோளே, எனக்குத் தம்பி கிடையாதே. என்ன பண்றது?"

லின்சி சிரிப்பை அடக்கிக்கொண்டு விலைப்பட்டியலைத் திருப்பினாள். "சேட்டனுக்கு மோட்டார் வச்சே கொடுத்துடறேன்," என்றாள்.